பாய்லர் சோதனைச் சீட்டும் வெளியேற்ற அறிவிப்பும்: டிரெக்கேரல் ஹவுஸ் வழக்கு குறித்த ஆய்வு

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடும் ஒருவர், அந்த வீட்டின் எரிவாயு பாய்லரை ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்து, சோதனையின் பதிவை வாடகைதாரரிடம் கொடுத்தாக வேண்டும். உரிய நேரத்தில் கொடுக்காமல் பல மாதங்கள் கழித்துக் கொடுத்தால் அவருடைய உரிமைகளில் எது பறிபோகும், எது மிஞ்சும் என்ற கேள்விக்கு, டிரெக்கேரல் ஹவுஸ் லிமிடெட் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜூன் 18 அன்று விடை சொன்னது. மூன்று நீதிபதிகளில் இருவர் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாகப் பிரிந்து வழங்கிய அந்தத் தீர்ப்பைச் சட்டத்துறையினர் பெரும்பாலும் வெளியேற்ற நடைமுறையைப் பற்றிய தீர்ப்பாகவே படிக்கிறார்கள். பாதுகாப்பு விதி ஒன்றை நிறைவேற்ற வைக்க ஒரு சீட்டை நம்பியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதை அளந்து பார்ப்பதற்கும் அதுவே நல்ல சான்று என்பது என் கருத்து. அந்த நோக்கிலேயே இந்த வழக்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பாய்லர் என்று இங்கே குறிப்பிடுவது, சமையலறைச் சுவரிலோ அலமாரிக்குள்ளோ பொருத்தப்பட்டு, குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவை எரித்து, குளிப்பதற்கு வெந்நீரும் அறைகளின் ரேடியேட்டர்களுக்குச் சுடுநீரும் தரும் இயந்திரத்தை. பர்னரில் வாயுவும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியுமே மிகும். அவை புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். பர்னரில் தூசி படிந்தாலும், வெப்பப் பரிமாற்றி அடைத்துக்கொண்டாலும், காற்று வரும் வழி மூடப்பட்டாலும் எரிதல் குறைபட்டு கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. புகைபோக்கியின் இணைப்பு விலகியிருந்தால் அது வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கசிகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனை முந்திக்கொண்டு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இறுகப் பிணைந்துவிடும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு என்று தொடங்கும் அறிகுறிகள் சாதாரண ஃப்ளூ காய்ச்சலைப் போலவே இருப்பதால், பாதிக்கப்பட்டவர் ஜன்னல்களை இன்னும் இறுக மூடிக்கொண்டு, வெப்பத்தை இன்னும் கூட்டிவிட்டுப் படுத்துக்கொள்வதும் உண்டு. வெளியே போனால் தெளிவதும் வீடு திரும்பினால் மறுபடி வலிப்பதுமான தலைவலியை மருத்துவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

வழக்கின் நிகழ்வுகள்

வாடகைதாரர் 2017 பிப்ரவரி 20 அன்று குடியேறினார். தனியார் வாடகை வீடுகளில் அப்போது வழக்கமாக இருந்த குறுங்கால வாடகை ஒப்பந்தமே இங்கும் செய்யப்பட்டது. எரிவாயு அமைப்பின் பாதுகாப்புச் சோதனை அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, 2017 ஜனவரி 31 அன்று நடந்து முடிந்திருந்தது, பதிவும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பதிவின் நகல் வாடகைதாரரின் கைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அடுத்த ஆண்டுச் சோதனையும் பன்னிரண்டு மாதக் கெடுவுக்குள் நடக்கவில்லை, பிந்தியே நடந்தது. பிறகு 2018 மே 1 அன்று, வீட்டைக் காலி செய்யுமாறு 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் நிறுவனம் அறிவிப்பு அனுப்பியது.

முதல் நிலையில் வெளியேற்ற ஆணை கிடைத்தது. வாடகைதாரர் மேல்முறையீடு செய்தபோது, குடியேறும் முன் கொடுக்கப்பட வேண்டிய சீட்டு அப்போது கொடுக்கப்படாததால் அறிவிப்பே செல்லாது என்று கவுண்டி நீதிமன்ற மேல்முறையீட்டு நீதிபதி அந்த ஆணையை நீக்கினார். நிறுவனம் அதற்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

சோதனை நடக்காத வழக்கு அன்று இது. சோதனை நடந்திருந்தது, பதிவு இருந்தது. அது உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதே குற்றச்சாட்டு. பின்னால் வரும் வாதங்களை எடைபோட இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

36ஆம் விதி என்ன கேட்கிறது

இந்தக் கடமைகளின் ஊற்று, 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு (பொருத்துதலும் பயன்பாடும்) விதிமுறைகளில் உள்ள 36ஆம் விதி. ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்த குத்தகையில் வீட்டைக் கொடுக்கும் எவருக்கும் அது பொருந்தும். அந்த விதிக்குள் இரண்டு தனித்தனிக் கடமைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நடைமுறையில் உரிமையாளர்களும் முகவர்களும் வாடகைதாரர்களும் அவற்றை ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய குழப்பம்.

முதல் கடமை பராமரிப்பு. எரிவாயுக் கருவியும் குழாய்களும் புகைபோக்கியும், குடியிருப்பவருக்குத் தீங்கு நேராத வகையில் எப்போதும் பாதுகாப்பான நிலையில் வைக்கப்பட வேண்டும் என்று விதியின் இரண்டாம் பத்தி சொல்கிறது. அதில் ஆண்டு, மாதம் என்ற கணக்கு எதுவும் இல்லை; அது நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் பொறுப்பு. இரண்டாம் கடமை சோதனை. மூன்றாம் பத்தியின்படி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத இடைவெளியில் ஒவ்வொரு கருவியும் புகைபோக்கியும் சோதிக்கப்பட்டு, கண்டவை பதிவு செய்யப்பட வேண்டும். சோதனையைச் செய்பவர், 2009 ஏப்ரல் 1 முதல் கார்கி என்ற பழைய பதிவு அமைப்பின் இடத்தைப் பிடித்த, எரிவாயுப் பொறியாளர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவராக இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் கேஸ் சர்டிபிகேட் என்று சொல்லப்படுவது இந்தப் பதிவைத்தான்.

சோதனையின்போது பொறியாளர் புகைபோக்கி சரியாக இழுக்கிறதா, எரிவதற்கான காற்று போதுமா, இயங்கு அழுத்தமோ வெப்ப உள்ளீடோ சரியான அளவில் இருக்கிறதா, பாதுகாப்பு அமைப்புகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கிறார். சர்வீஸ் என்பது அதிலிருந்து வேறான வேலை. உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ளபடி பாய்லரின் மூடியைக் கழற்றி, பர்னரையும் வெப்பப் பரிமாற்றியையும் பார்த்துத் துப்புரவு செய்து, நீர் சேரும் பொறியைக் கழுவி, தேய்ந்த அடைப்பு வளையங்களை மாற்றி, புகையில் உள்ள வாயுக்களின் அளவைக் கருவியால் அளந்து சரிபார்ப்பது சர்வீஸ். வண்டிக்கு எஃப்.சி. வாங்குவதும் வண்டியை சர்வீஸ் விடுவதும் வெவ்வேறு என்பதைப் போன்றதே இதுவும். சோதனைச் சீட்டு, அன்றைய தினம் அந்தக் கருவி பாதுகாப்பாக இருந்தது என்று சொல்லும். அடுத்த குளிர்காலம் முழுவதும் அப்படியே இருக்கும் என்ற உறுதியை ஒழுங்கான பராமரிப்பே தர முடியும். உற்பத்தியாளரின் அறிவுறுத்தல் கைக்குக் கிடைக்காவிட்டால், பொறியாளர் வேறுவிதமாகக் கூறினாலொழிய ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் செய்வதே முறை என்பது துறை சார்ந்த வழிகாட்டுதல். இரண்டையும் ஒரே வருகையில் செய்துகொள்ளத் தடையில்லை. பொறுப்புள்ள உரிமையாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தக் கடமைகளை வாடகைதாரரின் தலையில் கட்ட முடியாது. பராமரிப்பையோ சோதனையையோ வாடகைதாரர் செய்துகொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும், அவர் உண்மையிலேயே செய்து முடித்தாலும்கூட, உரிமையாளரின் கடமை அதனால் தீராது என்று 36ஆம் விதியின் பத்தாம் பத்தி வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளே வர இடம் கொடுப்பது மட்டுமே விதிவிலக்கு. ‘பாய்லர் சர்வீஸ் செலவு வாடகைதாரருடையது’ என்ற வரியை ஒப்பந்தத்தில் கண்டு அஞ்சிக் கையெழுத்திடுபவர்கள் அந்தப் பத்தியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வாடகைதாரர் தாமே வாங்கிப் பொருத்திய அடுப்பு போன்ற கருவிகளுக்கு இந்தப் பொறுப்பு நீளாது. அதற்குப் போகும் நிலையான குழாய்க்கு நீளும்.

இதற்கு இணையாக, 1985ஆம் ஆண்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வீட்டை வெப்பப்படுத்துவதற்கும் நீரைச் சூடாக்குவதற்கும் உள்ள அமைப்புகளைப் பழுதின்றி இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மீது சுமத்துகிறது. பாதுகாப்பாக இருந்தும் வேலை செய்யாத பாய்லருக்கு அந்தப் பிரிவே மருந்து.

பதிவைக் கொடுப்பது பற்றிய ஆறாம் பத்திதான் வழக்கின் மையம். ஏற்கெனவே குடியிருக்கும் வாடகைதாரருக்குச் சோதனை நடந்த 28 நாட்களுக்குள் நகல் தர வேண்டும். புதிதாக வருபவருக்கு, அவர் குடியேறும் முன்பே கடைசிச் சோதனையின் நகலைத் தர வேண்டும். இவற்றை மீறுவது குற்றம். 1974ஆம் ஆண்டுப் பணியிட உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உடல்நலம் மற்றும் பாதுகாப்பு நிர்வாகம் வழக்குத் தொடரலாம். உச்ச வரம்பற்ற அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம்.

பாதுகாப்பு விதி வெளியேற்றச் சட்டத்துக்குள் வந்த விதம்

21ஆம் பிரிவின்கீழ், காரணம் எதுவும் கூறாமல் இரண்டு மாத அறிவிப்பில் உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்க முடிந்தது. 2015ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை நீக்கச் சட்டம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21அ என்ற பிரிவைச் சேர்த்து, குறிப்பிட்ட சில சட்டக் கடமைகளை மீறிய நிலையில் உரிமையாளர் இருக்கும்போது அந்த அறிவிப்பைக் கொடுக்க முடியாது என்று ஆக்கியது. அந்தக் கடமைகள் எவை என்பதை 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த துணை விதிகள் வரையறுத்தன. எரிசக்திச் செயல்திறன் சான்றிதழும் 36ஆம் விதியின்படியான எரிவாயுச் சோதனைப் பதிவும் அவற்றில் இடம்பெற்றன. நோக்கம் தெளிவானது. குற்ற வழக்கு என்ற தொலைதூர அச்சுறுத்தலைப் பொருட்படுத்தாத உரிமையாளர்கூட, வீட்டைத் திரும்பப் பெறும் வழி அடைபடும் என்றால் சீட்டைக் கொடுத்துவிடுவார்.

துணை விதியை எழுதியவர்கள் ஒரு சலுகையையும் சேர்த்தார்கள். குடியிருக்கும் வாடகைதாரருக்கு 28 நாட்களுக்குள் தர வேண்டும் என்ற கெடு, 21அ பிரிவின் தேவைக்குப் பொருந்தாது. நகலைக் கொடுத்தால் போதும். புதிய வாடகைதாரருக்குக் குடியேறும் முன் தர வேண்டும் என்ற கெடுவுக்கும் இச்சலுகை உண்டா என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நிரப்பும் வேலை நீதிபதிகளுக்கு விழுந்தது.

2018 பிப்ரவரியில் மத்திய லண்டன் கவுண்டி நீதிமன்றத்தில், காரிடன் பிராப்பர்ட்டி என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் நீதிபதி ஜான் லூபா, குடியேறும் முன் என்ற நேரம் ஒருமுறை கடந்துவிட்டால் அது திரும்ப வராது என்று தீர்ப்பளித்தார். அதன்படி, அந்த முதல் நாளைத் தவறவிட்ட உரிமையாளர் அந்த வாடகை நீடிக்கும்வரை 21ஆம் பிரிவைப் பயன்படுத்தவே முடியாது. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் நடைமுறையில் பலர் அதையே பின்பற்றினர். டிரெக்கேரல் ஹவுஸ் வழக்கிலும் கவுண்டி நீதிமன்ற அளவில் அந்த வழியே பின்பற்றப்பட்டது.

பெரும்பான்மையும் மாறுபட்ட கருத்தும்

பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி பாட்டன் எழுதினார். நீதிபதி கிங் உடன்பட்டார். மீறல் நிலையில் இருக்கும் நேரத்தில் அறிவிப்புக் கொடுக்கக் கூடாது என்பதே 21அ பிரிவின் அமைப்பு. ஆகவே அறிவிப்புக்கு முன் சீட்டைக் கொடுத்துவிட்டால் மீறல் தீர்ந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். காலக்கெடு தவறியதற்கான தண்டனை குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. ஒரு நாள் தாமதத்துக்காக உரிமையாளர் என்றென்றைக்கும் அந்த வழியை இழப்பார் என்று நாடாளுமன்றம் எண்ணியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கும் என்பது அவர்களுடைய அணுகுமுறை. ஆண்டுச் சோதனை பிந்தி நடந்ததும் அவ்வாறே அறிவிப்பைச் சாகடித்துவிடாது என்றும் முடிவானது.

நீதிபதி மோய்லன் உடன்படவில்லை. துணை விதி 28 நாள் கெடுவை மட்டும் பெயர் சொல்லி நீக்கியிருக்கிறது. மற்றக் கெடுவைத் தொடவில்லை. குடியேறும் முன் கொடு என்ற கட்டளையிலிருந்து ‘முன்’ என்பதை எடுத்துவிட்டால் அது வேறொரு கட்டளையாகிவிடும். குடியேறிய பிறகு அதை நிறைவேற்றுவது இயலாத காரியம் என்பதே சொற்களின் நேரான பொருள் என்றார் அவர்.

நான் இந்தத் தீர்ப்பைப் பலமுறை எடைபோட்டுப் பார்த்தேன். பெரும்பான்மையின் முடிவு நடைமுறைக்கு ஒத்தது என்பதை மறுக்க முடியாது. சோதனையை ஒழுங்காகச் செய்துவிட்டு ஒரு நகலைத் தர மறந்தவரையும், பாய்லரை ஆண்டுக்கணக்கில் எவருக்கும் காட்டாதவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆயினும் விதியின் உள்நோக்கத்துக்கு மோய்லனின் கருத்தே நெருக்கமாக நிற்கிறது என்று கருதுகிறேன். குடியேறும் முன் சீட்டைக் காட்ட வேண்டும் என்று விதி கேட்பதற்குக் காரணம் உண்டு. பெட்டி படுக்கையை இறக்கும் முன்பே, இந்த வீட்டின் பாய்லரில் என்ன குறை காணப்பட்டது, அது சரிசெய்யப்பட்டதா என்று கேட்கும் வாய்ப்பு அந்த ஒரு தருணத்தில்தான் வாடகைதாரருக்குக் கிடைக்கிறது. முன்பணமும் கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஒன்பது மாதம் அந்த பாய்லரோடு வாழ்ந்த பிறகு கையில் வரும் சீட்டு அந்தக் கேள்வியைக் கேட்க உதவாது. தாமதமாகக் கொடுப்பது மீறலைத் தீர்க்கும் என்று சட்டம் சொல்லலாம். அந்த ஒன்பது மாதத்து அபாயத்தை அது தீர்ப்பதில்லை.

தீர்ப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. பலர் அதைக் கவனிக்கத் தவறினார்கள். சோதனை நடந்து சீட்டு மட்டும் பிந்தினால்தான் இந்த வழி திறக்கும். குடியேறும் முன் சோதனையே நடக்காதபோது பிறகு கொடுப்பதற்கு எதுவும் இருக்காது. 2022ஆம் ஆண்டில் லூட்டன் கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு அப்படியே முடிந்தது: அந்தக் குறை பின்னால் சரிசெய்ய முடியாதது என்று கருதப்பட்டது.

இரு தரப்பும் நடைமுறையில் செய்ய வேண்டியவை

உரிமையாளருக்கு 2018 ஏப்ரல் 6 முதல் ஒரு வசதி இருக்கிறது. கெடு முடிய இரண்டு மாதங்கள் இருக்கும்போதே சோதனையை முடித்துக்கொண்டாலும், அடுத்த ஆண்டின் கெடு நாள் பழையபடியே நிற்கும். வாடகைதாரர் வெளியூரில் இருப்பதும் கதவைத் திறக்க மறுப்பதும் வழக்கமான சிக்கல்கள் என்பதால், இந்த இரண்டு மாதங்களை வீணாக்காமல் இருப்பதே முதல் அறிவு. உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் பூட்டை உடைத்து நுழைய அதிகாரம் இல்லை. மீண்டும் மீண்டும் எழுதி, அந்தக் கடிதங்களின் நகல்களை வைத்திருந்து, தேவையானால் நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும். நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுத்தேன் என்று காட்டுபவருக்கு விதிமுறைகளின் 39ஆம் விதி பாதுகாப்புத் தருகிறது. அந்த முயற்சிகளுக்கு எழுத்துச் சான்று இல்லாதவருக்கு அது பெரிதும் உதவாது. முகவரிடம் வீட்டை ஒப்படைத்திருந்தாலும், சோதனையையும் சர்வீஸையும் யார் ஏற்பாடு செய்வது என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதிக்கொள்ளாதவர் பொறுப்பைத் தம்மிடமே வைத்திருக்கிறார் என்றே பொருள்.

வாடகைதாரர் சீட்டைக் கையில் வாங்கியதும் அதன் தேதி, முகவரி, பொறியாளரின் கையொப்பம், பதிவு எண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பதிவு எண்ணை கேஸ் சேஃப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். அதைவிட முக்கியமானது குறைகளுக்கான கட்டம். அங்கே ஏதாவது எழுதப்பட்டிருந்து, எடுத்த நடவடிக்கைக்கான இடம் காலியாக இருந்தால், அன்றே உரிமையாளருக்கு எழுத வேண்டும். கூடவே, ‘கடைசியாக சர்வீஸ் நடந்தது எப்போது’ என்றும் கேட்க வேண்டும். நீல நிறமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிவது, கருவியைச் சுற்றிக் கரி படிவது, ஜன்னலில் வழக்கத்துக்கு மிஞ்சி நீர் கோத்துக்கொள்வது ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999 என்ற எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும். உரிமையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போன்ற நிலையான எரிகருவி உள்ள ஒவ்வொரு வாழறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைப்பது உரிமையாளரின் கடமையாகிவிட்டது. எரிவாயு அடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. பாய்லர் பாதுகாப்பாக இல்லை என்று தெரிந்தும் அதைப் பயன்படுத்துவது விதிமீறல் என்பது வாடகைதாரருக்கும் பொருந்தும்.

உரிமையாளர் அசையாதபோது உள்ளூர் மன்றத்தின் (கவுன்சிலின்) வீட்டுவசதிப் பிரிவை அணுகலாம். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் மதிப்பிடப்படும் அபாயங்களில் கார்பன் மோனாக்சைடும் ஒன்று. சீரமைப்பு உத்தரவு பிறப்பிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2018ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 மார்ச் 20 முதல் நடைமுறைக்கு வந்த வாழத்தகுந்த வீடுகள் சட்டம், வாடகைதாரர் தாமே நேராக நீதிமன்றம் செல்லவும் வழி செய்திருக்கிறது.

21ஆம் பிரிவு இல்லாத நிலையில்

2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகைகளில் 21ஆம் பிரிவை நீக்குகிறது. காரணமின்றி வெளியேற்றும் வழி மூடப்படுவதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அதோடு, சீட்டைக் கொடுக்க வைத்த ஒரு நெம்புகோலும் போய்விடுகிறது. டிரெக்கேரல் ஹவுஸ் வழக்கின் கேள்வி இனிப் புதிதாக எழாது. 36ஆம் விதியோ அப்படியே இருக்கிறது. அதை நிறைவேற்ற வைக்கும் சுமை மீண்டும் பாதுகாப்பு நிர்வாகத்தின்மீதும், உள்ளூர் மன்றங்களின்மீதும், எழுதிக் கேட்கத் தயங்காத வாடகைதாரரின்மீதும் வந்து விழுகிறது.

அதே சட்டம் தனியார் வாடகை வீடுகளுக்கென ஒரு தேசியத் தரவுத்தளத்தை உருவாக்க வழிசெய்திருக்கிறது. அந்தத் தரவுத்தளத்தில் சோதனைப் பதிவோடு, கடைசியாக சர்வீஸ் நடந்த தேதியையும், குறை ஏதும் காணப்பட்டிருந்தால் அது சரிசெய்யப்பட்ட தேதியையும் ஏற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 36ஆம் விதி கேட்கும் பதிவில் சர்வீஸ் தேதிக்கு இடமே இல்லை. ஆதலால் இரண்டாம் பத்தியின் பராமரிப்புக் கடமை நிறைவேறியதா என்று வெளியிலிருந்து எவராலும் பார்க்க முடிவதில்லை. அந்த ஒரு தேதி தெரிந்தால், வீடு தேடி வருபவர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, குடியேறும் முன் என்று விதி எண்ணிய அந்தச் சரியான நேரத்திலேயே, தம் கேள்வியைக் கேட்டுவிடலாம்.